கை மாறிய செங்கல்

சென்ற தை மாதத்தில் நாம் காளையார்கோவிலுக்குப் போயிருந்தோம். காளீசுவரரைத் தரிசித்துவிட்டு, மருது சகோதரர்கள் எழுப்பிய பெரிய ராஜகோபுரத்தின் கீழ்ச் சற்று நின்றோம். அதைப் பற்றி அவ்வூரார் ஒரு கதை சொல்வதுண்டு. மானாமதுரையில் சுட்ட செங்கற்களை வண்டியில் ஏற்றவில்லையாம். வழிநெடுக ஜனங்கள் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றியே கொண்டுவந்து சேர்த்தார்களாம்!

"ஒரு கல்லாவது கீழே விழுந்திராதா?" என்று மாலையில் வீட்டில் அத்தையிடம் கேட்டோம்.

"வாங்குகிறவன் பிடித்துக்கொண்டானா என்று பார்த்த பிறகு கையை எடுத்தால், எப்படியப்பா விழும்?" என்றார் அத்தை, சற்றுக் குழறிய குரலில்.

இதைச் சொல்ல அவருக்கு உரிமையுண்டு. இரண்டு வருஷங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் கண்டது. ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் குறைவின்றி மருந்து கொடுத்தார். இயன்முறை வைத்தியர் கைகால்களுக்குப் பயிற்சி அளித்தார். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அத்தை இருமுவதை இரவு நேர நர்ஸ் கவனித்தார். ஆனால் அதை டாக்டரிடம் சொல்ல அந்தப் பெண்ணுக்குத் துணிவில்லை. நர்ஸைக் கேட்கும் வழக்கம் டாக்டருக்கு இல்லை. பின்னர் அவரே இதை நம்மிடம் வருந்திச் சொன்னார். நாம் மட்டும் யோக்கியர்களா? நாமும் அந்த இருமலைக் கேட்டோம். வயோதிகம் என்று வாளாவிருந்தோம்.

பக்கவாதத்தால் விழுங்கும் தசைகள் தளர்ந்தால், தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவை உண்டாக்கிவிடும். வீடு திரும்பிய நான்காம் நாள் நேர்ந்தது அதுவே. அத்தை பிழைத்தது ஈசுவர கிருபை. வேறோர் ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ், இயன்முறை வைத்தியர் மூவரும் தினந்தோறும் கட்டிலருகே கூடி நின்று பேசினார்கள். நம்மையும் கேட்டார்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, கெட்டியான கஞ்சியைச் சிறு கரண்டியால் புகட்டக் கற்பித்தார்கள்.

வெவ்வேறு வைத்தியத் தொழில்களைக் கற்போர் படிக்கும் காலத்திலேயே ஒருவரோடொருவர் சேர்ந்தும், ஒருவரிடமிருந்து ஒருவரும் கற்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2010-ல் வற்புறுத்தியது. தனித்தனிக் கட்டிடத்தில் படித்தவர்கள் நோயாளியின் கட்டிலருகில் திடீரென்று தோழர்களாகிவிடுவார்களா? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகாதாரத் தன்னார்வப் பெண்மணியும், இயன்முறை வைத்தியரும், நர்ஸும் வீடு தேடி வருகிறார்கள். மிகவும் நல்ல ஏற்பாடு. ஆனால் ஒருவர் கண்டதை மற்றவர் அறிந்தால்தான் அதன் பலன் முழுமையாகும்.

மருதிருவரை வெள்ளையர்கள் 1801-ல் தூக்கிலிட்டார்கள். கோபுரம் இன்றும் நிற்கிறது. அதன் செங்கற்களைக் கைமாற்றிய எளிய ஜனங்களில் எவர் பெயரும் நமக்குத் தெரியாது. வரிசையில் இவர் பெரியவர், அவர் சிறியவர் என்ற பேச்சுக்கு அங்கே இடமிருந்திராது. கல் விழாமல் போய்ச் சேர வேண்டும்; அவ்வளவுதான்.

நோயாளியோ கல்லல்ல, உயிர்!