ஆண்பிள்ளை அழலாகாதா?

"ஆண்பிள்ளை அழலாமா?" என்னும் சொல் நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகின்றது. எங்கள் இல்லத்திலும் அது வழங்கியது. அச்சொல்லால் விளைந்த தீங்கையும், அதனின்று நாங்கள் மீண்ட வகையையும் சங்கத்து அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

எங்கள் மகன் இந்நகரத்து ஆண்கள் பள்ளி ஒன்றில் பயில்கின்றான். ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த ஆண்டில் அவன் பேச்சுக் குறைந்தது. மாலையில் விளையாடப் போவதும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை இரவானால் வயிற்றுவலி என்பான். மருத்துவரோ வயிற்றில் நோய் ஏதுமில்லை என்றார். பின்னர் மதிப்பெண் அட்டை வந்தது. அவனுக்கு மிக விருப்பமான கணக்கிலேயே பெருஞ்சரிவு. நாங்கள் இருவரும் மாறி மாறிக் கடிந்துகொண்டோம். ஊரை விட்டு வெறுங்கையோடு பெங்களூர் வந்து நாங்கள் பட்ட பாட்டையெல்லாம் எடுத்துரைத்தோம். அவன் கண் கலங்கியபோது அந்தப் பழஞ்சொல்லைக் கூறி வாயடைத்தோம். அன்று முதல் அவன் அழவில்லை. எங்களோடு பேசவும் இல்லை.

சில நாட்களில் வகுப்பாசிரியர் எங்களை அழைத்தார். கணக்கைப் பற்றித்தான் கேட்பார் என்று அஞ்சிச் சென்றோம். அவர் கேட்டதோ வேறு: "வீட்டில் யாரிடம் இவன் மனம்விட்டுப் பேசுவான்?" எங்களிடம் விடை இல்லை. மகன் கன்னடம் பேசும் பாங்கை உடன்பயிலும் சிலர் நாள்தோறும் எள்ளி நகையாடி வந்தனர் என்பதை அவர் வாயிலாகவே அறிந்தோம். ஒரே வீட்டில் வாழ்ந்தும் அது எங்களுக்குத் தெரியாமற் போயிற்று. தெரியாமற் போனதன்று; சொல்ல இடங்கொடாமல் நாங்களே கதவைச் சாத்தியிருந்தோம்.

ஆசிரியர் இரண்டு காரியங்கள் செய்தார். எள்ளியவர்களைத் தனியே அழைத்து, பிறர் முன் இழிவுபடுத்தாமல் திருத்தினார். எங்கள் மகனிடம் ஐந்தாம் வகுப்புச் சிறுவர் இருவரை ஒப்படைத்து, நண்பகல் இடைவேளையில் அவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருமாறு பணித்தார். சரிந்தவனிடம் இப்பொறுப்பா என்று வியந்தோம். ஒரு மாதம் கழிந்து ஒரு ஞாயிறு இரவு, உடம்பு எப்படி இருக்கிறது என்று அவன் தாய் கேட்டபோது, "நாளைக்கு நான் போகாவிட்டால் அந்தப் பையனுக்குப் பின்னக் கணக்கை யாரம்மா சொல்லித் தருவார்கள்?" என்றான். தன்னை நம்பி ஒருவர் இருக்கின்றார் என்னும் எண்ணமே அவனுக்கு மருந்தாயிற்று.

மதிப்பெண் அட்டை வரும் நாளில் மாணவர் மனம் படும் துயரை அயல்நாட்டவரும் உணர்ந்திருந்தனர். ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் விக்டர் பிராங்கல் என்னும் மருத்துவர், 1928-ஆம் ஆண்டு முதல் இளைஞர்களுக்கு இலவச ஆலோசனை நிலையங்களை அமைத்தார். மதிப்பெண் அட்டை வழங்கும் பருவத்தில் தனிக் கவனம் செலுத்தினார். வாழ்வதற்கு ஒரு பொருளைக் கண்டவன் துன்பத்தைத் தாங்குவான் என்பதே பிற்காலத்தில் அவர் உலகுக்கு உரைத்த கருத்து.

அப்பொருளைப் பிள்ளைகளுக்குக் காட்ட வியன்னாவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. கப்பன் பூங்காவை ஒட்டிச் செந்நிறத்தில் நிற்கும் உயர்நீதிமன்றக் கட்டடமே போதும். 1868-இல் முடிவுற்ற அந்த 'அட்டாரா கச்சேரி'யை ஒப்பந்தக்காரராக இருந்து எழுப்பியவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்னும் தமிழர். பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்து பொருளீட்டிய அவர், 1873-இல், 'தண்டு' என்று வழங்கிய கண்டோன்மென்ட் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்காகக் கல்வி அறப்பணியைத் தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய கல்வி நிலையங்கள் இன்றும் நடைபெறுகின்றன. பிறர்க்கு உதவும்போதே ஈட்டிய பொருள் பொருளாகின்றது; கற்ற கல்விக்கும் அஃதே நெறி.

எனினும், எல்லாத் துயரும் அன்பான சொல்லாலும் ஒரு பணியாலும் மட்டுமே தீர்ந்துவிடும் என்று கருதலாகாது. பிள்ளை பல நாட்களாக உறக்கமும் உணவும் குன்றி, வாழ்வே வேண்டாம் எனும் பொருள்படப் பேசினால் சற்றும் தாமதியாமல் மருத்துவ உதவி நாட வேண்டும். 1974-இல் உருவான 'நிம்ஹான்ஸ்' மனநல நிறுவனம் நம் நகரிலேயே உள்ளது. உணர்ச்சிகளைக் கையாளவும் நண்பர்களின் வற்புறுத்தலைத் தாங்கவும் பள்ளிகளிலேயே பழக்கும் வாழ்க்கைத்திறன் கல்வியை அந்நிறுவனம் வகுத்துள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இதில் நாணுவதற்கு ஏதுமில்லை.

இப்பொழுது எங்கள் வீட்டில் மாலைதோறும் மதிப்பெண்ணுக்கு முன் மனத்தைக் கேட்கின்றோம். "இன்று யாரோடு உண்டாய்? யாருக்கு உதவினாய்?" என்னும் இரு வினாக்களே போதுமானவை. அன்பர்களே, நம் மைந்தர் அழுதால் அழட்டும், அருகில் அமர்ந்திருப்போம். அழுது முடித்த பிள்ளை பேசுவான். பேசும் பிள்ளையை நாம் இழக்க மாட்டோம்.