உராய்வு கற்றுத் தந்த பாடம்

‘இயந்திரப் பொறியியல்’ என்றதும் நம் கண்முன் தோன்றுவது என்ன? இரைச்சலிடும் ஆலை, எண்ணெய்க் கறை படிந்த காக்கி உடை, கையில் ஸ்பேனருடன் ஓர் ஆண்! எங்களுக்கும் அப்படித்தான் தோன்றிற்று. அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒருநாள் எங்கள் அறிவியல் சிஸ்டர், “மெக்கானிக்கல் படிக்க விரும்புகிறவர்கள் கை தூக்குங்கள்” என்றார். வகுப்பில் ஒரு கைகூட எழவில்லை. “அது ஆம்பளைப் பிள்ளைங்க படிப்பு, சிஸ்டர்” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. “சரி, உங்கள் வீட்டிலும் தெருவிலும் உள்ள இயந்திரங்களைப் பட்டியல் எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள். மோட்டார் வைத்தது எதுவும் கூடாது” என்று மட்டும் சொன்னார்.

மோட்டார் இல்லாத இயந்திரமா? வியந்துகொண்டே தேடினோம். திங்களன்று கரும்பலகை நிறைந்துவிட்டது. கிணற்றுக் கப்பி, பாக்குவெட்டி, அரிவாள்மணை, அம்மாவின் தையல் மெஷின், அப்பாவின் சைக்கிள்! விசையைப் பெருக்குவதும், அதன் திசையை மாற்றுவதும், வேண்டிய இடத்திற்குக் கொண்டுசெல்வதுமே இயந்திரத்தின் வேலை என்று அன்று அறிந்தோம். கிணற்றுக் கப்பி வாளியின் பளுவைக் குறைப்பதில்லை. மேலே தூக்க வேண்டியதைக் கீழே இழுக்கும்படி மாற்றித் தருகிறது. நம் உடல் எடையே நமக்குத் துணையாகிவிடுகிறது. பாக்குவெட்டி நெம்புகோல், அரிவாள்மணை ஆப்பு. வாளி 15 கிலோ என்றால், 15 கிலோ தாங்கும் கயிறு போதுமா? போதாது. கயிறு நனையும், தேயும், திடீரென்று வெட்டி இழுபடும். ஆகவே ஐந்து மடங்கு, அதாவது 75 கிலோ தாங்கும் கயிறாகப் போட்டால், அந்த ஐந்தைத்தான் ‘பாதுகாப்புக் காரணி’ என்பார்கள் பொறியாளர்கள்.

சிவகாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் தோழி ஒருத்தி மட்டும் பட்டியல் எழுதவில்லை. ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். நாங்கள் சிரித்தோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. “இதைப் பற்றியே ஒரு வாரம் பாடம் நடத்தலாம்” என்றார்.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள் என்பது எங்கள் மாவட்டத்தில் சிறு பிள்ளைகளும் அறிந்த கதை. அவர்களுக்குப் பின் வந்த தீப்பெட்டி ஆபீஸ்களில்தான் எங்களில் பலருடைய பாட்டிமார் வேலை செய்தார்கள். பள்ளிக்குப் போக வேண்டிய வயதிலேயே குச்சி அடுக்கப் போனவர்கள் அவர்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்டோரைத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் அமர்த்தக்கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தது.

தோழியின் பாட்டி குச்சி அடுக்கும் விதத்தை எங்களுக்கு விளக்கிக் காட்டினார். பள்ளம் வெட்டிய மெல்லிய மரப்பட்டையில் குச்சிகளை வரிசையாக வைத்து, அதன்மேல் அடுத்த பட்டை, அதன்மேல் குச்சி என்று அடுக்கி இறுக்க வேண்டும். பிறகு மெழுகிலும் மருந்திலும் தோய்ப்பார்கள். “ஒரு குச்சி ஆடுனாலும் கூலி போச்சு” என்றார் பாட்டி. அத்தனை குச்சிகளையும் ஆடாமல் பிடித்திருப்பது எது? உராய்வு! அடிப்பெட்டி மேல்பெட்டிக்குள் வழுக்கிச் செல்ல வேண்டும். ஆனால் தானாகக் கழன்று விழக்கூடாது. அங்கும் உராய்வு. குச்சியைப் பெட்டியின் பக்கவாட்டில் உரசினால் நெருப்பு. அங்கும் உராய்வு! குச்சித் தலையில் குளோரேட்டும், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரசும் பிரித்து வைக்கப்பட்டிருப்பதால், நாம் உரசினாலன்றி அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. இப்படிப் பிரித்து வைக்கும் யோசனைக்கு ஸ்வீடன் நாட்டுப் பாஷ் என்பவர் 1844-இல் காப்புரிமை பெற்றார். ஆபத்தானவை இரண்டைப் பிரித்து வைத்து, வேண்டியபோது மட்டும் சந்திக்க விடுவது எவ்வளவு எளிய வடிவமைப்பு!

ஆனால் எங்கள் மாவட்டத்தில் ‘உராய்வு’ வெறும் பாடச் சொல் அன்று. பாடப்புத்தகத்தில் அது இரண்டு மதிப்பெண் வினா. செய்தித்தாளிலோ, “மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வினால் விபத்து” என்று வருகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பின்னும் விபத்துகள் ஓயவில்லை. தோழியின் அம்மா பட்டாசு ஆபீஸில் வேலை செய்கிறார். பள்ளியைக் கடந்து ஆம்புலன்ஸ் ஓசை போனால் அவள் பேனா நின்றுவிடும். சிஸ்டர் எதுவும் கேட்காமல் அவளை அலுவலக அறைக்கு அனுப்பி வீட்டுக்குப் போன் செய்ய வைப்பார். அவள் திரும்பி வந்து உட்காரும் வரை நாங்களும் எழுதுவதில்லை.

பட்டாசு அறைகளுக்கும் வடிவமைப்பு உண்டு என்று அவள்தான் எங்களுக்குச் சொன்னாள். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கக்கூடாது. இரும்புக் கருவி பொறி எழுப்பும் என்பதால் மரம், பித்தளை போன்றவற்றாலான கருவிகளே வேண்டும். உடலில் சேரும் நிலைமின்னூட்டம் மண்ணுக்கு இறங்க, வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைய வேண்டும். ஒவ்வொரு விதியும் உராய்வையும் பொறியையும் நினைத்தே எழுதப்பட்டது. விதியை மீறி ஆளைக் கூட்டும்போது, கயிற்றின் பாதுகாப்புக் காரணியை நாமே அறுத்துவிடுகிறோம் அல்லவா?

“மருந்து கலக்கவும் அடைக்கவும் மனிதக் கை படாத இயந்திரம் செய்தால் என்ன, சிஸ்டர்?” என்று ஒருநாள் கேட்டோம். அதற்குத் தோழியே பதில் சொன்னாள்: “எங்கம்மாகிட்ட கேட்டேன். மெஷின் வந்தா எங்க பொழப்பு என்னாகும்னு கேக்குறாங்க.” வகுப்பு அமைதியாகிவிட்டது. உண்மைதானே! தீப்பெட்டிக்கு முழு இயந்திர ஆலைகள் வந்தபின் கையால் குச்சி அடுக்கும் வேலை வெகுவாகக் குறைந்துபோயிற்று. சிஸ்டர் சற்று யோசித்துவிட்டு, “ஆளை வெளியே அனுப்பும் இயந்திரமும் உண்டு, ஆபத்தை வெளியே அனுப்பும் இயந்திரமும் உண்டு. எதைச் செய்வது என்பதை வரைபடம் போடுகிறவர்தானே முடிவு செய்கிறார்?” என்றார். அப்படியானால் அந்த வரைபடத்தைப் போடும் கை, தீப்பெட்டி ஆபீஸையும் பட்டாசு ஆபீஸையும் அறிந்த கையாக இருப்பது நல்லதல்லவா!

கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1940-களிலேயே லலிதா, திரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்னும் மூன்று பெண்கள் பட்டம் பெற்றார்கள். அவர்களுள் திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராகவே உயர்ந்தார். ‘ஆம்பளைப் பிள்ளைங்க படிப்பு’ என்ற பேச்சு அன்றே பொய்த்துவிட்டது. எங்களுக்குத்தான் செய்தி தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது!

ஆண்டின் இறுதியில் சிஸ்டர் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். இம்முறை ஏழு கைகள் எழுந்தன. சற்று நேரம் கழித்து, மெதுவாக, எட்டாவது கை எழுந்தது. அது எங்கள் தோழியின் கை. அன்புத் தோழியரே, அந்த எட்டுக் கைகளுள் ஒன்றேனும் ஒருநாள் ஒரு நல்ல இயந்திரத்தைச் செய்யட்டும். அந்த இயந்திரம் எந்தத் தாயின் கூலியையும் பறிக்காமல், அவள் உயிரைக் காக்கட்டும். அந்நாள் வந்தபின், எங்கள் பள்ளியைக் கடந்து ஆம்புலன்ஸ் போனாலும் எந்தப் பேனாவும் நிற்காது.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி