முள் விட்ட சர்க்கரை

தை பிறந்தால் இன்னும் கை பரபரக்கிறது. ஆனால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. புனேயில் கட்கியில் இருந்தவரை, தையில் வரும் மகள் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பே ராத்திரி வேலை தொடங்கிவிடும். அவள் தூங்கியதும் தீப்பெட்டி, பிளேடு, தையல் ஊசி, சைக்கிள் வால்வில் மாட்டும் வால் டியூப் எல்லாம் பொம்மை செய்யத் தரைக்கு இறங்கும்.

அந்த வால் டியூப் விளையாட்டு புனே எங்களுக்குக் கொடுத்தது. அரவிந்த் குப்தா கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975-இல் படிப்பை முடித்து, புனே டெல்கோவில் லாரி செய்யும் வேலைக்கு வந்தவர். 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு, மத்தியப் பிரதேசத்து ஓஷங்காபாத்தில் நடந்த பள்ளி அறிவியல் திட்டத்துக்குப் போனார். அங்கே வாரச் சந்தையில் கிடைத்த வால் டியூபும் தீக்குச்சியும் அவர் கையில் வீடும் பிரமிடுமாக மாறின. பிற்காலத்தில் பல வருடம், 2014 வரை, புனே பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஐயூகாவின் குழந்தைகள் அறிவியல் மையத்தில் இருந்தார். வானியல் ஆராய்ச்சிக்காக ஜயந்த் நார்லிகர் உருவாக்கிய நிறுவனம் ஐயூகா. அதற்குள் பிள்ளைகளுக்கென்று ஓர் இடம், அங்கே பழைய செய்தித்தாளிலும் உறிஞ்சு குழலிலும் பொம்மை செய்யக் கற்றுத்தர ஓர் ஆள். ஒரு ஊருக்கு இதைவிடப் பெரிய கொடுப்பினை உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் வீட்டில் யாருக்கோ கிடைத்ததுபோலச் சந்தோஷப்பட்டோம்.

செய்முறை எளிது. குச்சியின் மருந்தைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, துண்டின் இரு முனையிலும் குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு, மடங்கும், நிமிரும். அதில் மூன்றாவது குச்சி சேர வேண்டுமென்றால் நடுவில் ஊசியால் குத்தித் துளை போட வேண்டும். நாலு குச்சியில் சதுரம் செய்தால் விரல் பட்டதும் சாய்ந்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்தால் என்ன அழுத்தினாலும் வடிவம் மாறாது. இதை யாரும் சொல்லாமலே மகள் தன் விரலால் கண்டுபிடித்தாள். அப்புறம் வழியில் தெரிந்த மின்கோபுரத்தில் எல்லாம் முக்கோணம் தேட ஆரம்பித்தாள். பரிசு என்று கொடுத்த வீட்டை அன்று மாலையே பிரித்துப் போட்டு வேறு ஏதோ செய்வாள். அது எனக்கு மிகவும் பிடிக்கும். பிரித்தால் மறுபடி சேர்க்க முடியாத பொம்மைகளை ஏன் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிறோம்?

தவழும் குழந்தைக்கு இதெல்லாம் ஆகாது, வாயில் போட்டுக்கொள்ளும். அதற்குத் துணிதான். மகளின் முதல் பிறந்தநாளுக்கு, நாங்கள் ஆஜி என்று அழைத்த எதிர்வீட்டுப் பாட்டி ஒரு கோதடி கொடுத்தார். தன்னுடைய பழைய ஒன்பது கஜப் புடவைகளை அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்ட மெத்தை விரிப்பு. துவைத்துத் துவைத்து நைந்த பருத்திக்கு இருக்கும் மென்மை எந்தக் கடைத் துணிக்கும் வராது.

ஆனால் நான் அதிகம் ஏங்குவது ஆஜியின் சர்க்கரை நகைக்குத்தான். குழந்தையின் முதல் சங்கராந்திக்கு மராட்டிய வீடுகளில் சர்க்கரை மணிகளில் நகை செய்து பூட்டுவார்கள். மாலை, வங்கி, ஒட்டியாணம், கிரீடம்; பையன் என்றால் கையில் ஒரு புல்லாங்குழலும். கறுப்புச் சட்டை போட்டு, அதன் மேல் வெள்ளை வெளேரென்று நகைகளை அணிவித்து, மனையில் உட்காரவைத்து, இலந்தைப் பழம், கரும்புத் துண்டு, பொரி எல்லாம் தலையில் கொட்டுவார்கள். சுற்றி நிற்கும் வாண்டுகள் விழுந்தடித்துப் பொறுக்கும். போர்நஹாண் என்று பெயர். ரதசப்தமி வரை எந்த நாளிலும் செய்யலாம். மகள் பிறந்ததும் தையில் என்பதால் ஆஜி இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டார்.

அந்த மணிகளைச் செய்ய விடியற்காலைக் குளிர் வேண்டும். அடி கனத்த பித்தளைத் தாம்பாளத்தை மெல்லிய தணலில் வைத்து எள்ளைப் போடுவார். சர்க்கரைப் பாகை ஒரு கரண்டியின் நுனியால் சொட்டுச் சொட்டாக விட்டு, விரல்களால் புரட்டிக்கொண்டே இருப்பார். சொட்டு அதிகமானால் எள் ஒன்றோடொன்று ஒட்டும். சூடு அதிகமானால் வெண்மை போய் நிறம் மாறும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின்தான் அடுத்தது. ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை. நாள் போகப் போக எள் பருத்து, மேலே குட்டிக் குட்டி முட்கள் கிளம்பும். முள் விட்டால்தான் மணி தேறியது என்று கணக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்தால், "போரி, பெண்ணே, கையை விடு, பயப்படாதே" என்று என் விரல்களையும் சூட்டுக்குப் பழக்குவார். பிறகு நூலில் கோத்து, அட்டையில் ஒட்டி, சரிகைக் காகிதம் வைத்து நகையாக்குவோம். பிறந்தநாள் அன்று ஆரத்தித் தட்டில் விளக்கோடு பாக்கும் மோதிரமும் வைத்து அவளைச் சுற்றி எடுப்பார். மாலைக்குள் ஒட்டியாணம் பாதி அவள் வயிற்றுக்குள் போயிருக்கும்.

இப்போது நான் இருக்கும் சென்னையில் இந்த வேலைகள் நடப்பதில்லை. கடற்கரை ஈரக்காற்றில் சர்க்கரை முள் விடுவதற்குள் பிசுபிசுத்துப் போகிறது. ரப்பர் டியூப் மாட்டும் பழைய வால்வு குறைந்துபோய், புது சைக்கிள்களில் கார் டயர் வால்வு வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் பிறந்தநாள் என்றால் எனக்கு வருவது வாங்க வேண்டிய பொருளின் இணைப்பு. அதை அழுத்திப் பணம் கட்டினால் மறுநாள் அவர்கள் வீட்டு வாசலில் இருக்கும். அந்தக் குழந்தையின் முகத்தை நினைத்தபடி ராத்திரி கண் விழித்த நேரம் அந்தப் பெட்டிக்குள் இல்லை. அது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

ஆஜி இப்போது இல்லை. அவர் மருமகள் போன வாரம் போனில் பேசினாள். புனே துளசிபாக் கடைவீதியில் சர்க்கரை நகை பெட்டி பெட்டியாகத் தயாராகக் கிடைக்கிறதாம். "ஒரு செட் அனுப்பட்டுமா, தாயி?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆஜியின் தாம்பாளம் இருக்கிறதா என்று கேட்டேன். பரணில் இருக்கிறதாம். அதை யாருக்கும் கொடுத்துவிடாதே, அடுத்த சங்கராந்திக்குப் பத்து நாள் முன்பே வருகிறேன், நீயும் கூட உட்கார வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவள் பேத்திக்கு அப்போது ஒரு வயது நிறையும்.