அம்மாவின் தலைவலியும் ஒரு மோரிஸ் மைனரும்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குப் பழைய சாலையில் போனால் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். என் மைவியில் போனால் ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் இடையில் வந்துவிடும். ஆனால் அம்மாவுக்கு மைவி வேண்டாம். "உங்க தாத்தா வண்டியிலதான் தோட்டத்துக்குப் போகணும்" என்று பிடிவாதம்.

தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டிரஸ்ஸராக இருந்தவர். அம்மா பிறந்ததும் அங்கேதான். அவர் விட்டுப்போன வண்டி 1963-ஆம் வருட மோரிஸ் மைனர். 1948 முதல் 1970-களின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் பதினாறு லட்சம் வண்டிகள் இந்த வகையில் உருவாயின. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரைத் தந்தவரும் அவரே. எங்கள் வண்டியின் எஞ்சின் 1098 சிசி. இன்றைய மோட்டார் சைக்கிள் சிலவற்றின் எஞ்சின் அளவுதான். ஆனாலும் நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்களைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்த வண்டி என்று அம்மா சொல்வார்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்தது. ஒத்திகையாகக் கோலகங்சார் வரை போய் வரலாம் என்று ஒரு ஞாயிறு காலை கிளம்பினோம்.

வழியில் வந்த தலைவலி

ஈப்போ ரயில் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடங்களைக் கடந்தபோது அம்மா உற்சாகமாகத்தான் இருந்தார். செம்மோர் தாண்டி, சுண்ணாம்புக் குன்றுகள் சாலையோரம் வந்து நின்றபோது நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தார். "வெயில்தான்டா" என்றார். கோலகங்சாரில் இறங்கியபோது குமட்டல் வேறு.

அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகில் ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறது. 1877-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த கன்றுகளில் ஒன்பதை அன்றைய ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்தில் இவ்வூரில் நட்டார்கள். அவற்றில் மிஞ்சியது இந்த ஒன்று. நம் பாட்டன் பூட்டன்மார்கள் கப்பலேறியதற்குக் காரணமான பயிர் இந்த நாட்டில் வேர் பிடித்த கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதன் நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்ததும் அம்மாவின் தலைவலி போய்விட்டது. திரும்பி வரும்போது மீண்டும் வந்தது. எனக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது. வெளியே இருந்தால் இல்லை, வண்டிக்குள் இருந்தால் வருகிறது!

டிக்... டிக்... டிக்...

மறுநாள் சிலிபின் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். எழுபதைத் தாண்டிய மெக்கானிக் ஐயா ஒருவர் பழைய வண்டி மட்டும் பார்க்கிறார். எஞ்சினில் கொஞ்ச நாளாக ஒரு 'டிக் டிக்' சத்தம் வருகிறது, டேப்பட் சரி செய்ய வேண்டும் போல என்றேன்.

"டேப்பட்டா இல்லையான்னு சூடான எஞ்சின்கிட்ட கேட்டா பொய் சொல்லும் தம்பி. வண்டிய ராத்திரி இங்க விட்டுட்டுப் போங்க. அதுவரைக்கும் அம்மாவ இதுல ஏத்தாதீங்க."

காலையில் ஆறிய எஞ்சினை அவர் இயக்கினார். சத்தம் பலமாகக் கேட்டது. எஞ்சின் சூடேறச் சூடேறக் குறைந்தது. டேப்பட் சத்தம் என்றால் சூடான பிறகும் இருக்கும். இது குறைகிறதென்றால் சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைக்கிறது என்று பொருள். அதாவது, புகை கசிகிறது.

எஞ்சினிலிருந்து வரும் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புத் துண்டுக்கு மேனிஃபோல்ட் என்று பெயர். மைனரில் அது எஞ்சினின் இடப்பக்கம் இருக்கிறது. அதன் ஓரத்தில், நான்காவது சிலிண்டர் பக்கம், கரி படிந்திருந்ததை டார்ச் விளக்கில் காட்டினார். பிறகு எஞ்சின் முழுவதும் ஆறியதும் தூசி உறிஞ்சும் கருவியின் காற்று வெளியேறும் முனையைப் புகைக்குழாயின் வாயில் வைத்து ஊதவிட்டு, மேனிஃபோல்ட் மீது சோப்புத் தண்ணீர் தெளித்தார். கரி இருந்த அதே இடத்தில் நுரை குமிழிட்டது. சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கும் அதே வித்தை!

நான்காவது சிலிண்டர்தான் பயணிகளுக்கு மிக அருகில் இருப்பது. அதற்குப் பின்னால் ஒரு தகடு, தகட்டுக்குப் பின்னால் அம்மாவின் கால். தகட்டில் வயர்கள் நுழையும் துளைகளை அடைத்திருந்த ரப்பர் வளையங்கள் எல்லாம் காய்ந்து உதிர்ந்திருந்தன.

"ரப்பர் தோட்டத்து வண்டியில ரப்பரையே காணோமே!" என்று ஐயா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தம் சுமக்க வேண்டிய ஆக்சிஜனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலும் போகலாம்.

அவசரப்பட்டால் உடையும்

கழற்றுவது சுலபமாக இல்லை. துருப்பிடித்த நட்டுகளுக்கு இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊற வைத்தார். அப்படியும் ஒரு ஸ்டட் முறிந்தது. துளையிட்டு எடுக்க வேண்டியதாயிற்று. மேனிஃபோல்டின் முகத்தில் நேரான இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. அறுபது வருடச் சூட்டில் வளைந்திருக்கிறது. வளைந்த முகத்தில் புது கேஸ்கெட் போட்டாலும் சில வாரங்களில் மறுபடி கசியும் என்பதால், மெஷின் ஷாப்பில் கொடுத்துச் சமமாக்கினோம். விரிசல் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். வார்ப்பிரும்பை ஒட்டுவது எல்லாராலும் முடிகிற வேலை அல்ல.

புது கேஸ்கெட், துருப்பிடித்து இறுகாத பித்தளை நட்டுகள், புது ரப்பர் வளையங்கள். நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். எஞ்சினைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும் ஒருமுறை முறுக்கம் பார்த்தார். நான் என் பங்குக்குக் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி அம்மாவின் இருக்கைப் பக்கம் வைத்து மூன்று நாள் தனியாக ஓட்டினேன். கருவியில் பூஜ்யம் மாறவே இல்லை.

செம்பனைக்கு நடுவே

திருவிழா நாளில் சுங்கை சிப்புட் நகருக்குள் நுழைந்தபோது அம்மா பேசிக்கொண்டே வந்தார். இது துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர். 1948 ஜூன் 16-இல் இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுடப்பட்ட பிறகுதான் அவசரகாலம் வந்தது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த நாளில், 1960-இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தவர்களில் தாத்தாவும் ஒருவர் என்றார் அம்மா.

தோட்டத்துப் பாதையில் திரும்பினோம். பால்மரம் ஒன்றுகூட இல்லை. இரு பக்கமும் செம்பனை. லயங்கள் இருந்த இடத்தைக் காட்ட அம்மாவுக்கு ஒரு மாமரம்தான் மிஞ்சியிருந்தது. தாத்தாவின் மருந்தகம் இருந்த இடத்தில் ஒரு சிமெண்டுப் படி மட்டும். ஆனால் கோயில் இருந்தது. கிள்ளானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் ஒரு பாட்டி அருகே வந்து, முன்பக்கத்தைத் தடவி, "இது டிரஸ்ஸர் ஐயா வண்டிதானே?" என்றார். "என் மூத்தவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டிடா இது." அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. செம்மோர் தாண்டியதும் அம்மாவின் பேச்சு நின்றது. பார்த்தால் தலை சாய்ந்திருந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. வண்டியை ஓரங்கட்டித் தோளை உலுக்கினேன்.

"அம்மா! அம்மா! தலை வலிக்குதா?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "காலையில நாலு மணிக்கு எழுந்தவடா நான். கொஞ்சம் தூங்க விடு."

கருவியைப் பார்த்தேன். பூஜ்யம். எஞ்சின் சத்தமில்லாமல் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. கியர் போட்டு, ஈப்போவின் விளக்குகளை நோக்கி மெதுவாக ஓட்டினேன்.