சதுரங்கமும் மறுபெயரும்

சென்ற கோடை விடுமுறையில் யான் செய்த குற்றமொன்றைப் பற்றியே இக்கட்டுரை எழுதத் துணிந்தேன். நீதிமன்றம் எதுவும் அதனைக் குற்றமெனக் கொள்ளாது. நம் விடுதி நண்பர் சிலர் இரவுதோறும் அதனைச் செய்து மகிழ்கின்றனர் என்பதையும் யான் அறிவேன். எனினும் அது குற்றமே என்று எனக்கு உணர்த்தினான் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன்.

திருவண்ணாமலையில் இரமணாசிரமத்தை அடுத்த தெருவொன்றில் எம் இல்லம் உள்ளது. பௌர்ணமி நாட்களில் கிரிவலம் வருவோர் கூட்டம் செங்கம் சாலையை நிறைத்துவிடும். ஏனை நாட்களில் ஆசிரமத்து மயில்களின் அகவலே அங்குப் பேரொலி. எதிர்வீட்டுச் சிறுவனுக்குச் சதுரங்கம் கற்பித்தவன் யானே. மாலையில் எம் திண்ணையில் பலகை விரிப்போம். யான் கல்லூரிக்குத் திரும்பிய பின்னர் அவன் தன் தாயின் கைப்பேசியில் லிசெஸ் என்னும் இணையதளத்தில் ஆடத் தொடங்கினான். ஓராண்டில் அவனுடைய தரப்புள்ளி 1400ஐ எட்டியது. என்னுடையது அப்பொழுது 1850.

தரப்புள்ளியின் இயல்பை ஈண்டுச் சிறிது கூறவேண்டும். அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பேராசிரியர் அர்ப்பாத் எலோ என்பார் வகுத்த முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970ஆம் ஆண்டில் மேற்கொண்டது. அதன்படி ஒருவர் மற்றவரினும் 400 புள்ளி மிக்கவராயின், பதினோராட்டம் ஆடினால் பத்துப் புள்ளி அவருக்கே சேரும் என்று எதிர்பார்க்கலாம். இணையதளங்களும் இத்தகைய கணக்கைக் கொண்டே ஒத்த வலியுடையாரை எதிரெதிரே அமர்த்துகின்றன. முகம் தெரியாது, ஊர் தெரியாது, பெயரும் பெரும்பாலும் புனைபெயரே. எதிரே இருப்பவர் எத்தகையவர் என்பதற்கு அந்த எண் ஒன்றே சான்று.

தேர்வு முடிந்து வீடு சேர்ந்த யான் ஒரு வாரம் இடைவிடாது தோற்றேன். என் புள்ளி 1800க்குக் கீழ் இறங்கிற்று. நாணம் பொறாமல், பொருளற்ற எழுத்துக்களும் எண்களும் விரவிய மறுபெயரில் இரண்டாம் கணக்கொன்று தொடங்கினேன். பல கணக்குத் தொடங்கேன் என்னும் உறுதிமொழிக்கு எதிரே அத்தளம் ஓர் அடையாளம் இடச் சொல்லுகின்றது. இட்டேன். புதுக்கணக்கிற்கு அங்கே 1500 புள்ளியும் அருகில் ஒரு வினாக்குறியும் தருவர். அவ்வெண் விரைந்து ஏறிவிடுமோ என்றஞ்சி, இடையிடையே வேண்டுமென்றே சில ஆட்டங்களை விட்டுக்கொடுத்தேன். வெல்வதற்காகத் தோற்ற அந்தக் கீழ்மையை இப்பொழுது எழுதும்போதும் கை கூசுகின்றது.

ஓரிரவு அச்சிறுவனின் பெயர் திரையில் தோன்றியது. அழைத்தேன்; வந்தான். ஐந்து ஆட்டம்; ஐந்தும் யானே வென்றேன். தான் இன்னாரிடம் தோற்கின்றோம் என்பதை அவன் அறியான் என்ற எண்ணமே எனக்கு இன்பமாயிருந்தது.

மறுநாள் மாலை அவன் திண்ணைக்கு வந்தான், பலகையை விரிக்கவில்லை. அடுத்த ஞாயிறன்று நடக்கவிருந்த பள்ளி மாணவர் போட்டியே அவனுக்கு முதற்போட்டி. நுழைவுக் கட்டணத்தை அவன் தாய் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தார். "நான் போகலை அண்ணா. என்னைப் போலவே 1500லே இருக்கிறவன்கிட்டே அஞ்சு ஆட்டமும் தோத்துட்டேன். ஒண்ணுலேகூட நிக்க முடியலை. எனக்கு இது வராது போல" என்றான். யான் வாய் திறவாதிருந்தேன்.

விடுதி நண்பரொருவரிடம் தொலைபேசியில் இதனைச் சொன்னபோது அவர் நகைத்தார். "அவன் இழந்தது இருபது முப்பது புள்ளிதானே? வலியவனிடம் தோற்பது நல்ல பயிற்சியன்றோ?" என்றார். கணக்கைப் பொறுத்தமட்டில் அவர் கூற்று மெய்யே. வினாக்குறியுள்ள புதுக்கணக்கின் எண்ணை அம்முறை முழுதும் நம்புவதில்லை. ஆதலின் அதனிடம் தோற்பவர்க்குப் புள்ளியிழப்பும் குறைவே. ஆயின் சிறுவன் புள்ளிக்காகவா வருந்தினான்? 1850 உடையவனிடம் தோற்றிருந்தால் அவன் மறுநாளே பலகையோடு வந்து, எங்கே பிழைத்தேன் என்று கேட்டிருப்பான். தன்னை ஒத்தவனிடம் தோற்றதாக நம்பியதே அவனை முறித்தது. அந்நம்பிக்கையை அவனுள் விதைத்தது என் பொய்யெண்.

ஆற்றல் மிக்கவர் பெயர் மறைத்தாடுவது எல்லாம் தவறு என்று கூறவும் மனம் ஒவ்வவில்லை. போட்டிக்குச் செல்லும் ஆட்டக்காரர் தம் புதிய திறப்புக்களைப் பகைவர் காணாமல் பழகிப் பார்க்க விரும்புவர். 2013 முதல் 2023 வரை உலக வாகையராயிருந்த மாக்னஸ் கார்ல்சனே லிசெஸில் டாக்டர் டிரங்கன்ஸ்டைன் முதலிய வேடிக்கைப் பெயர்களில் ஆடிப் பரிசும் வென்றிருக்கின்றார். ஆனால் அவை பட்டம் பெற்றோர் மட்டுமே புகும் போட்டிகள். அங்குப் புகுந்தவர் வல்லாரை எதிர்பார்த்தே புகுந்தனர். புனைபெயருக்குப் பின்னிருப்பவர் யாரென்பதும் விரைவில் ஊரறிந்த செய்தியாயிற்று.

நம் நாட்டிலேயே இதற்குப் பழைய கதையொன்று உண்டு. நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கின்றது. அப்பர் பாடிய பதி. 2022ஆம் ஆண்டு சூலைத் திங்களில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழாவில் பிரதமர் அக்கோயிலைக் குறித்துப் பேசிய பின்னர்ப் பலரும் அதனை அறிந்தனர். சதுரங்கத்தில் தன் மகளை வெல்பவனுக்கே அவளை மணமுடிப்பேன் என்றான் அரசன். எவராலும் இயலவில்லை. சிவபெருமான் முதியவர் வேடத்தில் வந்தாடி வென்றார் என்பது தலபுராணம். யான் கிறிஸ்தவன், ஆயினும் தமிழ் பயிலும் மாணவனாதலின் இக்கதையை ஆழ்ந்து நோக்கினேன். அங்கும் வேடம் உண்டு. ஆனால் இளவரசி தனக்கு ஒத்தவனையே அனுப்புக என்று கேட்கவில்லை. வல்லவர் எவரும் வருக என்றே அறைகூவல் விடுக்கப்பட்டது. வென்ற பின்னர் வந்தவர் தம்முரு காட்டினார். தோற்றவள் தான் யாரிடம் தோற்றாள் என்பதை அறிந்தாள். என் ஆட்டத்தில் இவ்விரண்டும் இல்லை.

எங்கள் தெருவிற்குப் புகழ் தந்த இரமணரும் 1896இல் பதினாறு வயதில் இவ்வூர் வந்தபோது தம் பெயரை எவர்க்கும் உரைத்தாரல்லர். பின்னர் அன்பரொருவர் விடாது வேண்டியபோதே எழுதிக் காட்டினார். அவர் பெயர் மறைத்து எவரையும் ஆட்டத்திற்கு அழைக்கவில்லை! 'நான் யார்?' என்னும் அவருடைய சிறுநூலை ஆசிரமத்துப் புத்தகசாலையில் அவ்வாரம் காண நேர்ந்தபோது, அவ்வினா என்னை நோக்கியே கேட்கப்பட்டது போலிருந்தது.

வியாழன் மாலை எதிர்வீட்டிற்குச் சென்று உண்மையைக் கூறினேன். சிறுவன் வியப்படையவில்லை. "கொஞ்சம் சந்தேகம் இருந்துது அண்ணா. அந்த மந்திரிச் சிப்பாய்" என்றான். வெள்ளைக் காய் கிடைத்தால் அரசன் பக்கத்து மந்திரியின் முன்னுள்ள சிப்பாயை முதலில் ஈரடி செலுத்துவது என் வழக்கம். பேர்டு திறப்பு என்பர். (நாம் மந்திரி என்னும் காயை ஆங்கிலேயர் பேராயர் என்று வழங்குவர், எம் சபையார்க்கு இது நல்ல வேடிக்கை.) அத்திறப்பை ஆடுவோர் மிகச் சிலரே. கைகளில் ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு ஈசாக்கின் முன் நின்ற யாக்கோபைக் குரல் காட்டிக்கொடுத்தது. என்னை அச்சிப்பாய் காட்டிக்கொடுத்தது. யாக்கோபு ஆசிபெற்றுத் தப்பினான். எனக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை.

"சந்தேகம் இருந்தா ஏன்டா கேக்கலை?" என்றேன்.

"நீங்க அப்படிச் செய்வீங்கன்னு நம்பமுடியலை" என்றான்.

அன்றிரவே அக்கணக்கை மூடினேன். அவன் மன்னித்தானா என்று யான் கேட்கவில்லை, அவனும் கூறவில்லை. ஒன்று மட்டும் வேண்டினான்: அதே ஐந்து ஆட்டத்தையும் பலகையில், முகத்துக்கு முகம், மறுபடியும் ஆடவேண்டும் என்று. வெள்ளியும் சனியும் ஆடினோம். நான்கில் தோற்றான், ஒவ்வொன்றின் பின்னும் காய்களைப் பின்னோக்கி அடுக்கிப் பிழையைத் தேடினான். ஐந்தாவதில் யான் மந்திரிச் சிப்பாயை ஈரடி நகர்த்தினேன். அவன் தன் அரசனின் முன்னிருந்த சிப்பாயை ஈரடி செலுத்திப் பலியிட்டான். அது யான் அவனுக்குக் கற்பியாத மறுமொழி. அந்த ஆட்டம் சமனாயிற்று. ஞாயிறு காலையில் அவன் தாயோடு பேருந்து ஏறினான்.