என்ஜாய் எஞ்சாமியும் எங்கட கடற்கரையும்

2021இல சிலாவத்துறைச் சந்தியில ஒரு ஓட்டோவில 'என்ஜாய் எஞ்சாமி' முடிய முதல் அடுத்த ஓட்டோவில தொடங்கிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கும் பாடம். ஆடத் தோதான பாட்டுத்தான், ஆனால் அதில பாதி ஒப்பாரி. அதுவும் எங்கட கரையால ஏறிப் போன சனத்தின்ர ஒப்பாரி.

பாட்டு வந்தது 2021 மார்ச் 7ஆம் திகதி. பாடினது இரண்டு பேர். ஒருவர் தீ, ஈழத்தமிழ்ப் பின்னணியோடு சிட்னியில வளர்ந்தவர். மற்றவர் அறிவு, அரக்கோணத்துக்காரர். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது 'மாஜா', கனடாத் தமிழர்கள் தொடங்கி ஏ.ஆர். ரஹ்மான் ஆதரவு கொடுத்த நிறுவனம். சில மாதத்திலயே யூடியூப்பில பத்துக் கோடி தாண்டிவிட்டது. ஆனால் அறிவு அதுக்கு முதலே பெயர் எடுத்தவர். 2019இல ஆஃப்ரோவோட சேர்ந்து 'தெருக்குரல்' என்று ஒரு அல்பம் போட்டவர். 'கள்ள மௌனி'யும் 'ஆன்டி இந்தியன்'உம் அதில உள்ளவைதான். கோபமான, நேரடியான அல்பம். என்னைக் கேட்டால் இன்னும் அதுதான் அவருடைய நல்ல வேலை. எங்கட ஓட்டோக்களுக்கு மட்டும் அது வந்து சேரவே இல்லை.

எஞ்சாமியின்ர கதை அறிவின் பாட்டி வள்ளியம்மாவின் கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில வேலை செய்து, பிறகு இந்தியாவுக்குத் திரும்பினவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புறது என்று இரண்டு அரசும் எண்ணிக்கை பேசி முடிச்சது. போகப் போகிறவர்களிட்ட ஒருத்தரும் கேட்கேல்ல. அப்படித் திரும்பினவர்களில கனபேர் தலைமன்னார் இறங்குதுறையாலதான் கப்பல் ஏறினாங்க. அதுக்கும் நூறு வருசத்துக்கு மேல முதல் அவங்கட முப்பாட்டன்மார் வள்ளத்தில வந்து இறங்கினதும் இதே மன்னார்க் கரையிலதான். றெயிலும் இல்லை, ரோட்டும் இல்லை. காட்டுக்குள்ளால நூறு மைலுக்கு மேல நடந்துதான் மாத்தளை. கொலராவிலயும் பசியிலயும் வழியில விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. 2023 ஜூலை 28ஆம் திகதி, மலையக மக்கள் வந்து 200 வருசம் என்று, தலைமன்னாரில இருந்து மாத்தளைக்கு அதே பாதையில ஒரு நடைபயணம் தொடங்கினது. ஓகஸ்ட் 12இல போய்ச் சேர்ந்தாங்க. அதே வருசம் ஒக்டோபரில யாழ்ப்பாணம் முற்றவெளியில சந்தோஷ் நாராயணனின் 'யாழ் கானம்' நடந்தது, இலவசம். எங்கட பெடியன்கள் வேன் பிடிச்சுப் போனாங்க. நடைபயணத்தைப் பற்றி அதில ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்கேல்ல. அவங்களைக் குறை சொல்ல மாட்டன், பள்ளிக்கூடத்திலயும் யாரும் சொல்லித் தரேல்லயே.

வீடியோவில வள்ளியம்மா கதிரையில ராணி மாதிரி இருக்கிற இடம் வருமே, அதை ஒருநாள் என்ட உம்மம்மாவுக்குக் காட்டினன். யார், எவர் என்று விளங்கப்படுத்தினன். அவ கேட்டது ஒண்டுதான்: "திரும்பிப் போன இடத்தில அவவுக்குக் காணி கிடைச்சுதாமா?"

முசலியில அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. 1990 ஒக்டோபரில வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மம்மா புத்தளத்துக்குப் போனவ. என்ட உம்மா வளர்ந்ததும் நான் பிறந்ததும் அங்கதான். 2009க்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தால் ஊர் காடாகிக் கிடந்தது. வீட்டு வளவை அவ கண்டுபிடிச்சது கிணற்றையும் புளியமரத்தையும் வச்சுத்தான். "இது என்ட வாப்பா நட்டது" என்று மரத்தைத் தொட்டுக் காட்டினவ. பிறகு 2012இல மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளிப் பக்கக் காணிகளில ஒரு பகுதி வர்த்தமானியில வனம் என்று வந்தது. மரத்தை நட்டவர்களின்ர பேரை வர்த்தமானியில போடுற வழக்கம் இல்லை. எஞ்சாமியும் மரம் வச்ச பாட்டன்மாரைப் பற்றித்தானே. உம்மம்மா ஆடாமல் அதைக் கேட்டதில எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதை மனசில வச்சுக்கொண்டு அந்தப் பாட்டுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்க. 2021 ஓகஸ்டில 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில தீயும் ஷான் வின்சென்ட் டீ போலும் வந்தாங்க. போற்றப்பட்ட இரண்டு பாட்டிலயும் அறிவின் எழுத்து இருந்தது. அட்டையில அவர் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் அறிவுக்கு ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அடுத்த வருசம் ஜூலை 28, சென்னையில செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில தீயோட கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். அறிவு அப்ப அமெரிக்காவில நின்றதாகச் சொன்னாங்க. சில நாளில அறிவு, எழுதினதும் மெட்டமைச்சதும் தான்தான் என்று இன்ஸ்டாகிராமில போட்டார். சந்தோஷும் தீயும் பதில் எழுதினாங்க, மூன்று பேரும் சேர்ந்து செய்த வேலை என்று. 2024 மார்ச்சில சந்தோஷ் இன்னொன்று சொன்னார்: இந்தப் பாட்டால மூன்று பேருக்கும் ஒரு சதமும் வரவில்லையாம்.

மெட்டு யாருடையது என்று வெளியில நின்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஏலாது. தீயின் குரல் இல்லாமல் அது இவ்வளவு தூரம் போயிருக்காது, அதையும் ஒத்துக்கொள்ள வேணும். மாரியம்மாளும் சாதாரண பாடகி இல்லை. ஆனால் அட்டைக்கு ஆள் எடுக்கும்போதும் மேடைக்கு ஆள் எடுக்கும்போதும் விடுபட்டது தோட்டக்காரியின்ர பேரன்தான், இரண்டு தரமும். தற்செயல் என்று சொல்லுகிறவர்கள் உம்மம்மாவோட வந்து கதைக்கட்டும்.

அறிவு பிறகு தன்ட அல்பத்துக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பேர் வச்சார். பாட்டியின்ர பேர் தலைப்பிலயே இருக்கு, இனி அதை விட்டுட்டு யாரும் அந்த அல்பத்தைப் பற்றி எழுத ஏலாது. தேடிக் கேளுங்க. சிலாவத்துறை ஓட்டோக்காரர் இரண்டு பேருக்கு நான் லிங்க் அனுப்பியிருக்கன். ஒருத்தர் மட்டும் கேட்டிருக்கார், ஆட்டத்துக்குச் சரிவராது என்றார்.