சந்துக்குள் ஒரு சபா

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னாலிருந்த அந்தச் சந்தில் சைக்கிள்கூட நுழையாது. வாசல் முழுக்கச் செருப்பு. திண்ணை முழுக்க உறை பிரித்த மிருதங்கங்கள். நடுவில், ஒரு பலாமரக் கட்டையைத் தொடைகளுக்கிடையே இடுக்கி வார் பிடித்துக்கொண்டிருப்பார், மிருதங்கம் செய்யும் அவர். வித்வான்கள், வயதில் சிறியவர்கள் உட்பட, அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்த எங்களுக்கு அவர் பெரியப்பா.

வாய் ஓயாத மனிதர். மேடையில் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு மிருதங்கக்காரர்கள் அவருடைய திண்ணையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய வாத்தியத்தில் என்ன செய்தார் என்று இன்னொருவரிடம் மூச்சுவிட மாட்டார். ஊர்வம்பு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

பேச்சு நிற்கிற ஒரே நேரம் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் சாதம் என்கிற கருப்புப் பூச்சு போடும்போது. கிட்டக்கல்லை மாவாகப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து வைத்திருப்பார். அதில் துளி எடுத்துத் தோலின் நடுவில் தடவி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துக் காயவிட்டு, மறுபடி ஒரு பூச்சு. இப்படிப் பூச்சுமேல் பூச்சாக ஏறி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விட்டால்தான் நாதம் திறக்கும். அவசரப்பட்டால் பெயர்ந்துவிடும். இடையிடையே விரலால் ஒரு தட்டு, தலையைச் சாய்த்து ஒரு கேட்பு. அப்போது யாராவது பேசினால், “தம்பி, இவன் பேசுறதைக் கேட்டுக்கிட்டிருக்கேன், நீ அப்புறம் பேசு” என்பார்.

பாடுகிறவரின் சுருதி ஒரு கட்டையா, ஐந்து கட்டையா என்பதைப் பொறுத்து மிருதங்கத்தின் நீளமும் வாயகலமும் மாறும். யார் யாருக்கு வாசிக்கப் போகிறார் என்று சபா பட்டியலைப் பார்த்து, கேட்காமலே அதற்குத் தோதாகத் தோலைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார். இடப்பக்கமான தொப்பிக்கு ரவை பிசைந்து அப்புவது மட்டும் வாசிப்பவர் பொறுப்பு. மார்கழியில் மயிலாப்பூர் ரவைக்குக் கேன்டீன்காரர்களோடு மிருதங்கக்காரர்களும் போட்டி.

அவர் தஞ்சாவூரிலிருந்து வந்தவர். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்துவைப் பற்றிச் சொல்லும்போது குரல் மாறும். மணி ஐயர் 1966இல் சங்கீத கலாநிதி ஆனார். அந்தப் பட்டம் பெற்ற முதல் மிருதங்க வித்வான். அந்த நாதத்தில் பர்லாந்துவின் கைக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பெரியப்பா சண்டைக்காரர்போல வாதாடுவார். எதிர்த்துப் பேச யாரும் இருக்க மாட்டார்கள். அதுவும் அவருக்குக் குறை.

ரசிக ரஞ்சனி சபாவில் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நிற்பார். கைதட்ட மாட்டார். ஏசி குளிரில் சுருதி மாறுகிறதா என்பதில்தான் காது. மேடையில் நன்றி சொல்லும்போது ஒலிபெருக்கிக்காரர் பெயர் வரும், பூ கொடுத்தவர் பெயர் வரும், மிருதங்கம் செய்தவர் பெயர் வராது. தெருப் பெயர்களும் அப்படித்தான், பாடகர்களுக்கு உண்டு. ஆலிவர் ரோடு முசிறி சுப்பிரமணியம் சாலை ஆயிற்று, தி.நகரில் கிரிஃபித் ரோடு மகாராஜபுரம் சந்தானம் சாலை ஆயிற்று. நல்லதுதான். மிருதங்கம் செய்தவர் பெயரில் ஒரு சந்து இருப்பதாகக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் சேராமல் அந்த வாத்தியம் கிடையாது. தோலைப் பதம் பார்த்து அறுத்தவர்களில் மிகப் பலர் தலித் கிறித்தவர்கள். எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுப் பேசாத இந்தச் சங்கதியைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு இடம் தர ஒப்புக்கொண்டிருந்த திருவான்மியூர் கலாக்ஷேத்ரா, புத்தகத்தின் சில பகுதிகள் பத்திரிகையில் வந்ததும் அனுமதியைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரி 2 அன்று தரமணி இதழியல் கல்லூரியில் விழா நடந்தது. அதற்குள் பெரியப்பா போய்விட்டார். இருந்திருந்தால் புத்தகத்தைவிட விழாவுக்கு யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்றுதான் முதலில் விசாரித்திருப்பார்.

இப்போது மகன் உட்காருகிறார். வாருக்குப் பதில் நட்டு போல்ட்டு வைத்த மிருதங்கங்கள் நிறைய வருகின்றன. ஸ்பேனர் இருந்தால் வாசிப்பவரே முடுக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் தட்டிக் காட்டி, “சரியா இருக்காண்ணா?” என்று கேட்கிறார்கள். ஃபோனில் நாதம் தெரியாது, நேரில் கொண்டு வா என்கிறார் மகன். சாதம் போடுவதற்கு மட்டும் போல்ட்டுக்காரர்களும் அந்தச் சந்துக்குத்தான் வந்தாக வேண்டும்.